அரை டிகிரி வெப்பமும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயும்

சித்திரை பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்னும் நரம்பு நோயோடு வாழ்கிறவர்கள் சொல்லும் முறையீடுகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. காலையில் தெளிவாக இருந்த ஒரு கண்ணின் பார்வை நண்பகலில் மங்கிவிடுகிறது. கடைத்தெருவுக்கு நன்றாக நடந்துபோன கால் திரும்பி வரும்போது தரையில் இழுபடுகிறது. கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது, எதிரில் இருப்பவர் சொல்வது மனத்தில் பதிய நேரமாகிறது. வீட்டுக்கு வந்து குளித்து, மின்விசிறிக்கு அடியில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்தால் இவற்றில் பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் விலகிவிடுகின்றன. இப்படி வந்து போவதுதான் சிக்கலே. "காலையில நல்லாத்தானே இருந்தே?" என்று வீட்டார் கேட்கிறார்கள், நோயாளியோ, நோய் முற்றிவிட்டதோ என்று உள்ளுக்குள் நடுங்குகிறார். வெப்பம் தரும் தொல்லையைவிட இந்த ஐயமும் அச்சமும் ஒருவருடைய வாழ்க்கையை அதிகமாகச் சுருக்கிவிடுகின்றன என்று நான் நினைக்கிறேன். இரண்டையும் நீக்க வேண்டுமானால், உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

எம்.எஸ். என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த நோயில், உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் உள்ள நரம்பிழைகளின் மேலுறையைத் தாக்குகிறது. மையலின் என்னும் அந்தக் கொழுப்புறை ஆங்காங்கே அழிந்து, அழிந்த இடங்களில் தழும்பு விழுகிறது. உலகம் முழுவதும் ஏறத்தாழ 29 இலட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். பெரும்பாலோருக்கு 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மடங்குக்கும் மேலாக வருகிறது. குளிர்நாடுகளில் மிகுதி, வெப்ப நாடுகளில் குறைவு என்பது நெடுங்காலமாகத் தெரிந்த செய்தி. ஆயினும் இந்தியாவின் மக்கள்தொகையில் அந்தக் குறைந்த விகிதமே பெரிய எண்ணிக்கையாகிவிடுகிறது. வெப்பத்தைத் தாங்குவது பற்றி இந்நோயாளிகளுக்குக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி, ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கடும் வெயிலைக் காணும் நாடுகளில் எழுதப்பட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அங்கே அந்தச் சில நாள்களை வீட்டுக்குள் கழித்துவிடலாம். சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வாழ்கிறவர் ஆண்டின் பெரும்பகுதியை அப்படிக் கழிக்க முடியாது. ஆகவே அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, அதன் அடியில் இருக்கும் காரணத்தை அறிந்து நம் ஊருக்கும் வீட்டுக்கும் ஏற்ப அமைத்துக்கொள்வதே பயன் தரும்.

நரம்பிழையின் மேலுறை ஒரே தொடர்ச்சியாக இருப்பதில்லை. இடையிடையே உறையில்லாத மிகச் சிறிய இடைவெளிகள் உண்டு. மின்துடிப்பு ஓர் இடைவெளியிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வோர் இடைவெளியிலும் சோடியம் அயனிகள் உள்ளே பாய்வதற்கான நுண்வாயில்கள் திறந்து மூடுகின்றன. அப்படி உண்டாகும் மின்னோட்டம், அடுத்த இடைவெளியைத் தூண்டத் தேவைப்படும் அளவைப் போல் பல மடங்கு இருப்பது நலமான நரம்பின் இயல்பு. உறை அழிந்த இடத்தில் மின்னோட்டம் கசிந்துவிடுவதால் அந்த உபரி இல்லாமல் போய், தேவையும் இருப்பும் ஏறக்குறைய சமமாக நிற்கின்றன. உடலின் உள்வெப்பம் ஏறும்போது சோடியம் வாயில்கள் விரைவாக மூடிக்கொள்கின்றன. துடிப்பின் நேரம் குறுகுகிறது, உள்ளே பாயும் மின்னோட்டமும் குறைகிறது. உபரி உள்ள நரம்புக்கு இது ஒரு பொருட்டே அன்று. உபரி இல்லாத நரம்பிலோ துடிப்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது. மின்னழுத்தம் தாழ்ந்த இரவுகளில் குழல்விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்து எரியாமல் நிற்பதை நாம் பார்த்திருக்கிறோம். அந்த நேரத்தில் விளக்கு புதிதாகப் பழுதாகிவிடவில்லை, எரிவதற்கு வேண்டிய கடைசிச் சிறு அளவு கிடைக்கவில்லை, அவ்வளவே. உடலின் உள்வெப்பம் அரை டிகிரி செல்சியஸ் உயர்ந்தாலே இது நிகழக்கூடும். வெப்பம் தணிந்ததும் வாயில்கள் பழைய நிதானத்துக்குத் திரும்ப, துடிப்பு மீண்டும் கடந்து செல்கிறது. எம்.எஸ். உள்ளவர்களில் 60 முதல் 80 விழுக்காட்டினர் ஏதோ ஓர் அளவில் இதை உணர்கிறார்கள்.

மருத்துவ உலகம் இந்த இடத்துக்கு வந்து சேர நெடுங்காலம் ஆனது. ஜெர்மானியக் கண் மருத்துவரான வில்ஹெல்ம் ஊட்ஹோஃப், உடலை வருத்தி நடந்ததும் பார்வை மங்கி, ஓய்வெடுத்ததும் திரும்பிய சில எம்.எஸ். நோயாளிகளைப் பற்றி 1890இல் எழுதினார். உழைப்புதான் காரணம் என்று அவர் கருதினார். உழைப்பால் உடல் சூடாவது அவர் கண்ணில் படவில்லை. வெந்நீரும் வெயிலும் காய்ச்சலும் அதே விளைவைத் தருவது பிற்காலத்தில்தான் தெளிவாயிற்று. தெளிவானதும் அதையே ஒரு சோதனையாக்கினார்கள். நோய் இருக்குமோ என்று ஐயம் உள்ளவரை வெந்நீர்த் தொட்டியில் கிடத்தி, புதிய குறிகள் தோன்றுகின்றனவா என்று பார்ப்பார்கள். எம்.ஆர்.ஐ. படம் வருவதற்கு முன்பு இந்த வெந்நீர்ச் சோதனை பரவலாக நடந்தது. சோதனைக்குப் பிறகு குறைபாடு நீங்காமல் தங்கிவிட்டவர்களைப் பற்றிய மருத்துவக் குறிப்பு 1983இல் வெளிவந்தது, எம்.ஆர்.ஐ. கருவிகள் பரவ, சோதனையும் கைவிடப்பட்டது. "எனக்கு எவ்வளவு தாங்குகிறது பார்க்கலாம்" என்று தம்மையே வெயிலில் நிறுத்திப் பார்க்கும் எண்ணம் சிலருக்கு வருவதுண்டு. அவர்களுக்காகவே இந்த வரலாற்றை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அன்றாட வெப்பத்தால் வரும் தளர்ச்சி நோயை வளர்ப்பதில்லை, உறையை மேலும் அழிப்பதில்லை. ஆனால் அதை வலிந்து உண்டாக்கிப் பார்ப்பது யாருக்கும் தேவையில்லாத ஆபத்து.

இதிலிருந்து நோயாளியும் குடும்பத்தாரும் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் பாடம், வெப்பத் தளர்ச்சியையும் நோயின் புதிய தாக்குதலையும் பிரித்தறிவது. மருத்துவர்கள் புதிய தாக்குதல் என்று கொள்வதற்குச் சில அளவுகோல்கள் உண்டு: காய்ச்சலோ தொற்றோ இல்லாத நிலையில், புதிய குறியோ பழைய குறியின் கடுமையோ 24 மணி நேரத்துக்குக் குறையாமல் நீடிக்க வேண்டும். வெப்பத்தால் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே பாதிக்கப்பட்ட இடத்தின் பழைய குறியாகவே இருக்கும். முன்பு இடக்கண்ணில் அழற்சி வந்திருந்தால் இடக்கண்தான் மங்கும். வலக்கால் தளர்ந்திருந்தால் அந்தக் கால்தான் மீண்டும் இழுக்கும். உடல் குளிர்ந்ததும், சில நிமிடங்களிலிருந்து சில மணி நேரத்துக்குள், அது விலகும். இதுவரை தோன்றாத ஒரு குறி, உடல் நன்கு குளிர்ந்த பிறகும் மறுநாள் வரை நிற்குமானால் நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வித்தியாசம் தெரியாமல் ஒவ்வொரு கோடைத் தளர்ச்சியையும் புதிய தாக்குதலாக எண்ணினால், தேவையற்ற ஸ்டீராய்டு ஊசிகளில் போய் முடியும். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், தொற்றை மறைக்கும். வெப்பத்தால் தடைப்பட்ட துடிப்புக்கு அதனால் பயன் எதுவும் இல்லை.

வெளியே வெயில் இல்லாத நாளிலும் இதே தளர்ச்சி வரும்போது, வெப்பம் உடலுக்குள்ளிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். எம்.எஸ். உள்ள பலருக்குச் சிறுநீர்ப்பை முழுவதுமாகக் காலியாவதில்லை. தேங்கிய நீரில் தொற்று எளிதில் வளர்கிறது. தண்டுவட உணர்ச்சி குறைந்திருப்பதால் எரிச்சலோ வலியோ தெரியாமலே போய், திடீரென்று நடக்க முடியாமற்போவதே அந்தத் தொற்றின் முதல் அடையாளமாக வருவதுண்டு. காரணம் தெரியாமல் உடல் தளர்ந்தால் சிறுநீர்ச் சோதனை செய்துகொள்வது எளிய, மலிவான, பலமுறை உண்மையைக் காட்டிக்கொடுக்கும் வழி. கழிப்பறை வசதி இருக்காதே என்று அஞ்சி வெளியில் போகும் நாளில் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பழக்கம், பெண்களிடம் குறிப்பாக, மிகுதி. அது வியர்வையையும் குறைக்கிறது, தொற்றையும் அழைக்கிறது. இதற்கு நோயாளியை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. பேருந்து நிலையத்திலும் அலுவலகத்திலும் நுழையத்தக்க கழிப்பறை இல்லாத ஊரில் அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது.

காய்ச்சலுக்கும் வெயிலுக்கும் உள்ள வேறுபாட்டையும் இங்கேயே சொல்லிவிடலாம். தொற்றால் காய்ச்சல் வரும்போது பாராசிட்டமால் மாத்திரை உடல் வெப்பத்தைத் தணிக்கும். நரம்பின் தளர்ச்சியும் அதோடு குறையும். வெயிலால் ஏறிய வெப்பத்துக்கு அந்த மாத்திரை வேலை செய்யாது, ஏனெனில் அங்கே மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தன் இலக்கை உயர்த்திக்கொள்ளவில்லை. அதற்குத் தண்ணீரும் காற்றும்தான் மருந்து. ஒருவர் குழம்பிப் பேசி, நினைவு தடுமாறி, உடல் நெருப்பாகக் கொதித்தால் அது எம்.எஸ். தளர்ச்சி அன்று, வெப்பத்தாக்கு, உயிருக்கு ஆபத்தானது. நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுவதையும் நனைத்து, விசிறிக்கொண்டே 108 ஊர்தியை அழைக்க வேண்டும்.

உடலின் வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை. விடியலுக்குச் சற்று முன்பு மிகத் தாழ்ந்தும், பிற்பகலிலும் முன்மாலையிலும் மிக உயர்ந்தும் இருக்கும். பெண்களுக்குக் கருமுட்டை வெளிப்பட்ட பிறகு, அடுத்த மாதவிடாய் வரை, உடல் வெப்பம் அரை டிகிரிக்கு அருகில் உயர்ந்தே நிற்கும். நரம்பின் பொறுதியைக் கரைக்க அந்த அளவே போதும். மாதத்தில் சில நாள்கள் மட்டும் காரணமின்றித் தளர்வதாக ஒரு பெண் சொன்னால், அதைச் சோம்பல் என்றோ மனக்கலக்கம் என்றோ ஒதுக்குவது அறியாமை. வெயிலில் போகாமல் ஓய்வாக இருக்கும்போதே, வந்து வந்து விலகும் வகை எம்.எஸ். உள்ளவர்களின் உடல் வெப்பம் பிறரைவிடச் சற்று உயர்ந்திருப்பதையும், அது அவர்கள் உணரும் களைப்போடு தொடர்புள்ளதாக இருப்பதையும் 2014இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. களைப்புதான் இந்நோயின் கண்ணுக்குத் தெரியாத பெரும்பகுதி. அதற்கு உடலில் ஓர் அடிப்படை இருக்கிறது என்ற செய்தி, பல வீடுகளில் ஒரு பழிச்சொல்லை நிறுத்தப் போதுமானது.

இனி நம் ஊர் வெப்பத்துக்கு வருவோம். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது, ஆனால் எம்.எஸ். உள்ளவர் அத்தகைய நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வானிலைத் துறை சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரி என்ற எல்லைகளை வைத்து, இயல்பான அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதையும் பார்த்து வெப்ப அலை என்று அறிவிக்கிறது. ஈரம் மிகுந்த ஒரு 33 டிகிரி மாலை, எந்த எச்சரிக்கையும் இல்லாமலே ஒருவருடைய நடையை நிறுத்திவிடக்கூடும். காரணம் வியர்வை. தோலில் படியும் வியர்வை ஆவியாகும்போதுதான் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. வழிந்து சொட்டுகிற வியர்வையால் உடல் குளிர்வதில்லை. சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால் ஆவியாதல் மெதுவாகிறது. வேலூர், திருச்சி, கரூர்ப் பக்கத்தில் வெயில் கடுமை, ஆனால் காற்று வறண்டது. இதோடு, எம்.எஸ். உள்ள சிலருக்கு வியர்வையைத் தூண்டும் நரம்புப் பாதையே பாதிக்கப்பட்டு, பிறரைவிடக் குறைவாக வியர்க்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வாங்கும் கருவி எதுவாக இருக்க வேண்டும் என்பதை இந்த வேறுபாடுதான் தீர்மானிக்கிறது. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் ஏர்கூலர் வேலூரில் நன்றாக வேலை செய்யும். சென்னையில் மூடிய அறையில் வைத்தால் அறையின் ஈரத்தைக் கூட்டி, இருக்கும் வியர்வையையும் ஆவியாக விடாமல் செய்துவிடும். நனைத்து அணியும் ஆவியாதல் வகைக் குளிர்ச்சட்டையும் அப்படித்தான். கடலோரத்தில் பனிக்கட்டிப் பையோ உறைந்து உருகும் பொருளோ வைத்த சட்டைதான் பயன்படும். ஏசி வாங்க முடிந்தவர்களுக்கு, வீடு முழுவதையும் குளிர்விப்பதைவிட ஓர் அறையை, பிற்பகல் சில மணி நேரமும் இரவும், 25 அல்லது 26 டிகிரியில் வைத்திருப்பது போதும். குளிர்ச்சியோடு காற்றின் ஈரத்தையும் அது இறக்குகிறது என்பதே அதன் பெரிய நன்மை. இது ஆடம்பரம் என்று நினைத்துத் தம் மருத்துவச் செலவுப் பட்டியலில் சேர்க்கத் தயங்குகிற குடும்பங்கள் உண்டு. ஊன்றுகோலைப் போல இதுவும் ஒருவரை நடமாட வைக்கும் கருவியே என்பதால் அந்தத் தயக்கம் வேண்டியதில்லை.

ஏசி இல்லாத வீட்டில் செய்யக்கூடியவையும் குறைவல்ல. அவற்றில் மிகச் சிறந்தது, வெப்பம் வருவதற்கு முன்பே உடலைக் குளிர்வித்துக்கொள்வது. உடற்பயிற்சிக்கு முன் 16, 17 டிகிரி நீரில் இடுப்பளவு அரை மணி நேரம் அமர்ந்தவர்கள் கூடுதலாக உழைக்க முடிந்ததை 2000இல் ஓர் ஆய்வு காட்டியது. மே மாதத்தில் அவ்வளவு குளிர்ந்த நீருக்கு நாம் எங்கே போவது என்று கேட்கலாம். உண்மையில் நம் வீடுகளில் சிக்கல் அதைவிடப் பெரியது: நண்பகலில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீர் வெந்நீராகவே இருக்கிறது. வெயிலில் களைத்து வந்த ஒருவர், குளிர்ச்சிக்காக என்று நம்பி அந்த நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டால், கைவிடப்பட்ட அந்தப் பழைய சோதனையைத் தம் குளியலறையிலேயே செய்துகொள்கிறார். இரவே இரண்டு வாளிகளில் நீர் பிடித்துக் குளியலறை மூலையில் வைத்துவிட்டால் மறுநாள் பிற்பகலுக்கு அது உதவும். வெளியே கிளம்புவதற்கு முன் அந்த நீரில் குளிப்பதும், முழுக்குளியலுக்கு நேரமில்லாதபோது கைகளை முழங்கை வரையிலும் பாதங்களைக் கணுக்கால் வரையிலும் நீரில் வைத்திருப்பதும், ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றி மின்விசிறிக்கு எதிரில் உட்காருவதும் எளிய முறைகள். அறைக் காற்று உடல் வெப்பத்தைவிடச் சூடாகிவிட்டால், வறண்ட தோலின்மேல் வீசும் மின்விசிறி உடலை இன்னும் சூடாக்கும்; அப்போது தோலை நனைத்துக்கொண்டே விசிற வேண்டும்.

மிகக் குளிர்ந்த நீரில் சட்டென்று இறங்குவது நல்லதன்று. தசை விறைப்பு உள்ளவர்களுக்குத் திடீர்க் குளிர் விறைப்பைக் கூட்டும். நடுக்கம் வந்துவிட்டால் அந்த நடுக்கமே வெப்பத்தை உண்டாக்கும். தோலில் உணர்ச்சி குறைந்தவர்கள் பனிக்கட்டியைத் துணி சுற்றாமல் வைத்தால் புண்ணாகும்வரை தெரியாது. குளிர்ந்த நீரைக் குடிப்பதும் உதவுகிறது: வெப்பமான அறையில் உடற்பயிற்சி செய்த எம்.எஸ். நோயாளிகள், இடையிடையே சில வாய் பனிநீர் குடித்தபோது இளஞ்சூட்டு நீர் குடித்தபோதைவிட நெடுநேரம் தாக்குப்பிடித்ததை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்டார்கள். சளி பிடிக்கும் என்று பெரியவர்கள் தடுக்கும் வீட்டில் மண்பானை நீரோ மோரோ போதும். எதுவுமே குடிக்காமல் இருப்பதுதான் கூடாது.

இந்த நோய் பெண்களுக்கே மிகுதியாக வருவதால், வெப்பம் பற்றிய பேச்சு அடுப்படியைத் தொடாமல் முடிய முடியாது. ஜன்னல் சிறுத்த, காற்றுப்போக்கி இல்லாத அடுப்படியில், இரண்டு அடுப்புகள் எரிய, ஒன்றரை மணி நேரம் நின்று சமைப்பது உடலுழைப்பும் சூடும் ஈரமும் ஒருசேர வந்து தாக்கும் இடம். கொதிக்கிற எண்ணெய்க்கு அருகில் பார்வை மங்குவதும் கை நடுங்குவதும் எவ்வளவு ஆபத்து என்று விளக்க வேண்டியதில்லை. சமையலை விடியற்காலைக்கு மாற்றுவது, காய் நறுக்குவதை மின்விசிறி உள்ள கூடத்தில் உட்கார்ந்து செய்வது, வாயு அடுப்பைவிடக் குறைவாக அறையைச் சூடாக்கும் மின்தூண்டல் அடுப்புக்கு மாறுவது ஆகியவை பயன்படும். ஆனால் இவற்றையெல்லாம்விட, நண்பகல் அடுப்பை வேறொருவர் பார்த்துக்கொள்வதே சரியான தீர்வு, அந்த வேறொருவர் கணவராகவோ மகனாகவோ இருக்கத் தடை எதுவும் இல்லை. நல்லெண்ணெய் தேய்த்துச் சூடான வெந்நீர் ஊற்றும் தீபாவளிக் குளியலும், சளிக்கு ஆவி பிடிப்பதும், திருமண மண்டபத்தில் பட்டுடுத்தி ஓமத்தீயின் அருகில் மணிக்கணக்கில் அமர்வதும் இதே கணக்கில் வருபவை. அவற்றை அறவே விட வேண்டும் என்பதில்லை. எண்ணெய்க் குளியலுக்கு இளஞ்சூட்டு நீர் போதும், ஓமத்துக்கு எதிர்ப்புறம் காற்று வரும் இடத்தில் உட்காரலாம்.

வெப்பம் தளர்த்துகிறது என்பதால் உடற்பயிற்சியே கூடாது என்று ஒரு காலத்தில் மருத்துவர்கள் சொல்லிவந்தார்கள். 1996இல் வெளியான ஓர் ஆய்வில் எம்.எஸ். உள்ளவர்கள் 15 வாரம் முறையாகப் பயிற்சி செய்து, உடல் வலுவும் மனநிலையும் மேம்பட்டதைக் காட்டிய பிறகு அந்தக் கருத்து மாறத் தொடங்கியது. விடியலில், உடல் வெப்பம் இயல்பாகவே தாழ்ந்திருக்கும் நேரத்தில், பத்துப் பத்து நிமிடமாகப் பிரித்து, நடுவில் நீர் குடித்துச் செய்யும் நடைக்கு இங்கும் இடம் உண்டு. நீச்சல் குளம் கிடைத்தால் இன்னும் நல்லது. 27 முதல் 29 டிகிரி வரை உள்ள நீர் உழைப்பின் சூட்டை அவ்வப்போதே எடுத்துவிடும். பயிற்சியின் நடுவே கண் மங்கினால் நிறுத்தி ஓய்வெடுத்துக் குளிர வேண்டும். மறுநாள் மீண்டும் தொடங்க வேண்டும். இரண்டாவது வாக்கியத்தை நான் முதலாவதற்குச் சமமான அழுத்தத்தோடு சொல்கிறேன்.

மருந்துகளைப் பற்றி இரண்டு செய்திகள். சிறுநீர்ப்பையின் அவசரத்துக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், நரம்புவலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் போன்றவை வியர்வையைக் குறைக்கக்கூடியவை. தாமாக நிறுத்திவிடாமல், கோடைக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு அளவையோ நேரத்தையோ மாற்றிக்கொள்ளலாம். பீட்டா இன்டர்ஃபெரான், கிளாட்டிராமர் ஊசிகளைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். மின்வெட்டு நீளும் ஊர்களில் பனிக்கட்டிப் பை வைத்த ஒரு சிறு பெட்டி கையிருப்பில் இருப்பது நல்லது. உறை இழந்த நரம்பில் துடிப்பை நீட்டித்து நடையை மேம்படுத்தும் ஃபாம்பிரிடின் என்ற மாத்திரையும் இருக்கிறது, 2010 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. வலிப்பு வரலாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது.

எஞ்சியிருப்பது வேலையிடம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், முன்பிருந்த பட்டியலை 21 வகையாக விரித்தபோது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸையும் பார்க்கின்சன் நோயையும் நாட்பட்ட நரம்பியல் நோய்களின் கீழ் சேர்த்தது. அரசு நிறுவனங்கள் தம் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்குத் தகுந்த வசதிகளைச் செய்துதர வேண்டும் என்றும் அச்சட்டம் சொல்கிறது. வெப்பத்தைப் பொறுத்தவரை அந்த வசதிகள் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல: மேல்தளத்துத் தகரக்கூரைக்குக் கீழே இருக்கும் மேசையைத் தரைத்தளத்துக்கு மாற்றுவது, காலை ஏழு மணிக்கு வந்து பிற்பகல் மூன்று மணிக்குப் போக விடுவது, மே மாதத்தில் வெளிப்பணி தராமல் இருப்பது போன்றவை. வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024இல் மாநிலப் பேரிடராக அறிவித்திருக்கும் நிலையில், இத்தகைய கோரிக்கைகளை யாரும் விசித்திரமாகப் பார்க்க வேண்டிய காரணமும் இல்லை.

ஆனால் கோரிக்கை வைப்பவரின் கையில் எழுத்தில் ஏதாவது இருக்க வேண்டும். ஊனத்தின் அளவை மதிப்பிடும் மருத்துவக் குழு ஒருவரை ஒரு நாளில், ஒரு வேளையில்தான் பார்க்கிறது. குளிரூட்டப்பட்ட அறையில் காலை பத்து மணிக்கு நிமிர்ந்து நடந்து வந்தவரின் பிற்பகல் மூன்று மணி அவர்களுக்குத் தெரியாது. எனவே தளர்ச்சி வந்த நாள், நேரம், அன்றைய வெப்பம், செய்துகொண்டிருந்த வேலை, குளிர்ந்து தேற எடுத்த நேரம் ஆகியவற்றை ஒரு கோடைக்காலம் முழுவதும் குறித்து வைத்து, அதை நரம்பியல் மருத்துவரிடம் காட்டி, "வெப்பத்தில் இவருடைய பார்வையும் நடையும் தற்காலிகமாகக் குறைகின்றன, குளிர்ந்த சூழல் மருத்துவத் தேவை" என்ற பொருளில் சான்றிதழில் ஒரு வரி கேட்டுப் பெறுவது நல்லது. அந்தக் குறிப்பேடு, எத்தனை டிகிரியில் எவ்வளவு நேரம் தமக்குத் தாங்கும் என்பதை நோயாளிக்கே காட்டிவிடும்; அடுத்த சித்திரையில் எந்த வேலையை எந்த மணிக்கு வைப்பது என்று திட்டமிட அதுவே உதவும்.